தாழ்ப்பாளுக்கு ஒன்றும் ஆகவில்லை

அப்பா மறுபடியும் ஸ்க்ரூடிரைவரும் கையுமாகத் திரிகிறார். இந்த முறை பின்வாசல் அரைக்கதவு.

குறுக்கே இரண்டாகப் பிரியும் கதவு வேண்டும் என்று அடம்பிடித்துப் போட்டது அவர்தான். மேல்பாதியைத் திறந்தால் காற்று வரும், கீழ்ப்பாதி சாத்தியிருந்தால் ராஜு தெருவுக்கு ஓடமாட்டான். 17-ஆம் நூற்றாண்டிலேயே நெதர்லாந்தில் இப்படிக் கதவு போட்டார்கள், ஆடு மாடு உள்ளே வராது, குழந்தை வெளியே போகாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவார். ஒருநாள் அம்மா சும்மா இருக்காமல், "சரிங்க, அவங்க தாழ்ப்பாளை எங்க வெச்சாங்க?" என்று கேட்டுவிட்டாள். அன்று பிடித்தது சனி.

கேள்வி நியாயமானதுதான். மேல்பாதி திறந்திருக்கும்போது, வெளியே நிற்கிற யாரும் கையை உள்ளே விட்டுக் கீழ்க்கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிடலாம். பக்கத்து வீட்டு வாண்டுக்கு அதுதான் தினசரி வேலை. அப்பா தாழ்ப்பாளைத் தரையோரம் இறக்கினார். வாண்டுக்கு எட்டவில்லை. அம்மாவின் முழங்காலுக்கும் எட்டவில்லை. குனியாமல் திறக்க ஒரு கயிறு கட்டினார். கயிற்றை முதலில் கண்டுபிடித்தது வாண்டு.

அப்புறம் குதிரை லாயங்களில் காலால் தட்டித் திறக்கிற கொக்கி ஒன்று உண்டு என்று படித்துவிட்டு அதையும் மாட்டினார். ராஜுவுக்கும் கால் இருக்கிறது, அதுவும் நான்கு.

அதற்கு மேல் அவரைப் பிடிக்க முடியவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கமெல்லாம் படம். பாதுகாப்பை ஒரு படி ஏற்றினால் வசதி ஒரு படி இறங்குகிறது, வசதியை ஏற்றினால் வாண்டு உள்ளே வருகிறான் என்று சாப்பிடும்போதும் புலம்பல். கடைசியில் 12 மி.மீ. கம்பி, அது போய் நுழைகிற கனமான இரும்பு நாதாங்கி, விரலை ஒரு தினுசாக வளைத்தால்தான் நகரும் பிடி. எனக்கு இன்றுவரை அந்தத் தினுசு வரவில்லை. நான் முன்வாசல் வழியாகச் சுற்றிப் போகிறேன்.

இன்று காலை அண்ணன் வந்தான். இரண்டு கையிலும் பெட்டி. பழைய ஞாபகத்தில் கீழ்க்கதவை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினான். அவன் இடுப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

படீரென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. கம்பி நாதாங்கிக்குள் பத்திரமாக இருக்கிறது. நாதாங்கி கதவு நிலையில் இல்லை. ஒரு முழ நீளத்துக்கு நிலை மரத்தையும் பிளந்துகொண்டு கதவோடு போயிருந்தது. அவ்வளவு பெரிய இரும்பைப் பிடித்திருந்தது முக்கால் அங்குல ஸ்க்ரூ நான்கு, அதுவும் நிலையின் விளிம்பை ஒட்டி வரிசையாக, மரத்தின் ஒரே ரேகையில்.

அப்பா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "பாத்தியா! தாழ்ப்பாள் அசையவே இல்ல!"

"வீடு அசைஞ்சிடுச்சே" என்றாள் அம்மா.

அண்ணன் பெட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை. அவனை அப்படியே நிற்கவைத்து, ஸ்க்ரூ 3 அங்குலமாவது இருக்கணும், நிலையைத் தாண்டிப் போய்ச் சுவரைப் பிடிக்கணும் என்று அப்பா வகுப்பெடுத்தார். எல்லாம் தெரிந்த மனிதர், தாழ்ப்பாளோடு வந்த ஸ்க்ரூவையே போட்டிருக்கிறார்.

இப்போது சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சத்தம் திருப்தியாக இல்லையாம்.