புது டிஸ்க், பழைய ஹப்: 0.13-லிருந்து 0.03 வரை

இடது முன்சக்கரத்தின் பிரேக் டிஸ்க் ஒருவழியாக 0.03 மி.மீ.க்கு வந்துவிட்டது. புது டிஸ்க்கை மாட்டியதும் டயல் கேஜ் காட்டிய ரன்அவுட், அதாவது சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடும் அளவு, 0.13. அப்படியே வீலைப் போட்டு முடித்திருந்தாலும் வண்டி இன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். சில ஆயிரம் கிலோமீட்டர் போனபின் பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் ஆடும், "டிஸ்க் வளைஞ்சு போச்சு" என்பார்கள், இன்னொரு ஜோடி வாங்க வேண்டிவரும்.

வண்டி 2013 ஸ்விஃப்ட் பெட்ரோல், செகண்ட் ஹேண்ட், 84,000 கி.மீ. ஓடியது. பழைய டிஸ்க்கின் தடிமன், அதன் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவைவிட 0.6 மி.மீ. கீழே. எனவே லேத்தில் கொடுத்துச் சீவும் பேச்சே இல்லை. இடது பக்கம் உள் பேடில் 1 மி.மீ. மிச்சம், வெளிப் பேடில் 4. இப்படி ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் பேடின் தரத்தைச் சந்தேகிக்கும் முன் ஸ்லைடு பின்னைப் பார்க்க வேண்டும். கீழ்ப் பின் துருவேறி இறுகிக் கிடந்தது. பேடுகளைத் தாங்கும் கேலிப்பர் அந்தப் பின்னின் மேல் நகர்ந்தால்தான் வெளிப் பேடு டிஸ்க்கைப் பிடிக்கும். நகராவிட்டால் பிஸ்டன் பக்கத்துப் பேடு மட்டும் தேயும். பின்னை உப்புத்தாளால் துடைத்து சிலிக்கான் கிரீஸ் போட்டாயிற்று. சாதாரண சேசிஸ் கிரீஸ் வேண்டவே வேண்டாம், பெட்ரோலியம் பட்டால் பின்னை மூடியிருக்கும் ரப்பர் பூட் உப்பி, பின் மறுபடி சிக்கிக்கொள்ளும்.

டிஸ்க்கைக் கழற்ற சுத்தியல் தேவையில்லை. அதிலேயே இரண்டு எம்8 மரை ஓட்டைகள் இருக்கின்றன. 8 மி.மீ. போல்ட் இரண்டை மாட்டி, மாற்றி மாற்றி அரைச் சுற்று முறுக்கினால் தானாக வெளியே வரும். பின்னாலிருந்து அடித்தால் அந்த அடி நேராக வீல் பேரிங்குக்குத்தான் போகும்.

இனி ஹப், டிஸ்க்கும் வீலும் உட்காரும் நடுப்பகுதி. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் வாரக்கணக்கில் நிற்கும் பெங்களூர் வண்டிகளில் ஹப் முகத்தில் துரு படை படையாக ஏறியிருக்கும். கண்ணுக்குச் சமமாகத் தெரியும், ஆனால் கணக்கு வேறு. 130 மி.மீ. அகல முகத்தின் ஒரு ஓரத்தில் 0.05 மி.மீ. துரு இருந்தால், கேஜ் தொடும் 230 மி.மீ. வட்டத்தில் அது கிட்டத்தட்ட 0.09 ஆகிவிடும். அப்படிச் சாய்ந்த டிஸ்க், பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசும். அந்த இடம் மட்டும் மெலியும். தடிமன் சுற்றிவரச் சமமில்லாமல் போனதும் பெடலிலும் ஸ்டீயரிங்கிலும் துடிப்பு வரும். டிஸ்க் வளைவதில்லை, ஒருபக்கமாகத் தேய்கிறது.

கம்பி பிரஷ் மேல்துருவை மட்டும் எடுக்கும். வீல் நட்டு ஏறும் ஸ்டட்டுகளின் அடிவாரத்தில், சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்கு, கெட்டியாக ஒட்டிய துரு மிஞ்சும். பழி அத்தனையும் அதற்குத்தான். ஸ்டட்டுக்கு மேல் நுழையும் பைப் துண்டின் வாயில் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, கையால் திருகித் தேய்த்ததில்தான் அது போனது. கிரைண்டர் வைத்தால் ஹப்பின் உலோகமே போய்விடும். நடு உதட்டையும் டிஸ்க் உட்காரும் இடத்தையும் பனியன் வேஸ்ட்டில் பிரேக் கிளீனர் தொட்டுத் துடைத்துவிட்டு, கேஜை ஹப் முகத்திலேயே வைத்துப் பார்த்ததில் 0.02. ஹப் சரி, பேரிங்கிலும் ஆட்டமில்லை.

அளக்கும்போது டிஸ்க் சும்மா தொங்கக் கூடாது. நான்கு நட்டுக்கும் அடியில் தடித்த வாஷர் போட்டு, எதிரெதிராக 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, வெளி ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே கேஜ் முனை. துரு போனபின் 0.08. டிஸ்க்கைக் கழற்றி ஒரு ஸ்டட் தள்ளி மாட்டியதில் 0.05, இன்னொன்று தள்ளியதில் 0.03. ஹப்பின் மேடும் டிஸ்க்கின் மேடும் எதிரெதிரே அமர்ந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். அந்த இடத்தில் ஸ்டட்டிலும் டிஸ்க்கிலும் பெயின்ட் புள்ளி வைத்திருக்கிறது. இனி வீல் கழற்றும்போதெல்லாம் அதே புள்ளிதான். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் நட்டைக் கண்டபடி இறுக்க விட்டால் இத்தனை பாடும் வீண், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வண்டியிலேயே இருக்கட்டும்.

உதிரிபாகம் பெங்களூர் ஜே.சி. ரோட்டில்தான் வாங்கியது. ஒரு கடையில் நீட்டிய பெட்டியில் அச்சு மங்கலாக இருந்தது. உள்ளே இருந்த டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கவே இல்லை. அது இல்லாத டிஸ்க்கைத் தொடாதீர்கள். டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், 0.01 மி.மீ. காட்டுவது போதும். பேடுக்குச் சென்னைப் பாடியின் பிரேக்ஸ் இந்தியாவோ ரானேவோ ஸ்விஃப்டுக்குத் தாராளம், இறக்குமதிப் பேடுக்குப் பணம் கொட்டத் தேவையில்லை.

வலது பக்கம் இன்னும் பாக்கி. பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் ரிசர்வாயரிலிருந்து சிரிஞ்சால் கொஞ்சம் பிரேக் ஆயில் எடுத்துவிட வேண்டும், வழிந்தால் பெயின்ட் போய்விடும். எடுத்த ஆயில் காப்பி நிறத்தில் இருந்ததால் முழுவதையும் மாற்றுவதும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. டாட் 4 ரக ஆயில் புதிதாகக் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும், ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கும். பின் டிரம்மைத் திறந்து வீல் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

பிறகு பெடிங், புது பேடையும் டிஸ்க்கையும் ஒன்றோடொன்று பழக்குவது. வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும், முதல் மிதி காலியாகத்தான் போகும். சில்க் போர்டு நெரிசலில் பெடிங் நடக்காது. ஞாயிறு விடியற்காலை, பின்னால் வண்டி வராத அகலமான லேஅவுட் சாலையில், 60-லிருந்து 10 வரை பத்து தடவை, இடையில் அரை நிமிடம் ஓட்டம். எந்தத் தடவையும் முழுதாக நிறுத்தக் கூடாது. சூடான பேடு நின்ற இடத்திலேயே டிஸ்க்கில் ஒட்டிக் கறை விடும். 1,500 கி.மீ. ஆனதும் இரண்டு பக்கமும் மைக்ரோமீட்டரால் எட்டு இடத்தில் தடிமன் எடுத்து எழுதுகிறேன்.