கறுப்புத் திரையில் நாலு வேலை

சர்வரில் வேலை பார்க்க வரும் யாரிடமும் நான் முதலில் சொல்வது, ஸ்க்ரீன் என்ற புரோகிராமைப் பழகுங்கள் என்பதுதான். ஒரே கறுப்புத் திரையில் பல வேலைகளை ஓட்ட உதவுவது அது.

1978இல் வந்த விடி100 டெர்மினலில் (கணினியோடு இணைத்து வேலை செய்யும் திரையும் கீபோர்டும்) 24 வரி, வரிக்கு 80 எழுத்து. அதற்குள் ஒரு புரோகிராம்தான் திரையைப் பிடித்திருக்கும். பிஎஸ்டி யூனிக்ஸ் இயங்குதளத்தில், கட்டளைகளை வாங்கி ஓட்டும் சி ஷெல்லில் ஜாப் கன்ட்ரோல் என்ற வசதி வந்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது: கன்ட்ரோல்-இசட் அடித்தால் வேலை நிற்கும், 'பிஜி' என்றால் பின்னணியில் ஓடும், 'எஃப்ஜி' என்றால் முன்னால் வரும். ஆனால் பின்னணியில் ஓடுவது எதையாவது துப்பினால், விஐ எடிட்டரில் திறந்திருக்கும் கோப்பின் நடுவிலேயே வந்து விழும். கன்ட்ரோல்-எல் அடித்துத் திரையைத் திரும்ப வரைய வேண்டும்.

ஸ்க்ரீனில் அந்தத் தொல்லை இல்லை. 1987இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லௌமனும் கார்ஸ்டன் போர்மனும் எழுதியது. ஒவ்வொரு விண்டோவுக்கும் தனியாக ஒரு போலி டெர்மினல், அதனால் ஒன்றில் வருவது இன்னொன்றில் விழாது. கன்ட்ரோல்-ஏ, அப்புறம் 'சி' அடித்தால் புது விண்டோ. கன்ட்ரோல்-ஏ, அப்புறம் 'டி' அடித்தால் அப்படியே கழற்றிவிடலாம், அதாவது உள்ளே வேலை ஓடிக்கொண்டிருக்க நாம் மட்டும் வெளியே வரலாம். பேக்கப்பை ஓடவிட்டு, கழற்றிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போவேன். நடுவில் லைன் போனாலும் வேலை நிற்காது. காலையில் 'ஸ்க்ரீன் -ஆர்' அடித்தால் எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கும்.

இப்போது பலரும் இதே வேலையைச் செய்யும் டீமக்ஸுக்குப் போய்விட்டார்கள். அதுவும் நல்லதுதான், திரையைப் பிரிப்பதற்கு வசதி. சரி, எதுவானாலும் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்.