அண்ணாவின் அறைக்குள் வந்த சாமான்கள்

அண்ணா கேட்டது, கட்டிலில் கிடந்தபடியே ஃபேனைப் போட்டு நிப்பாட்ட ஒரு வழி மட்டும்தான். "இரவில குளிர்ந்தா நானே நிப்பாட்ட வேணும். அதுக்கும் அம்மாவை எழுப்பிறது சரியில்லை" என்றார். மற்றதெல்லாம் பிறகு நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

2019இல் கூரையில் ஓடு மாற்றும்போது விழுந்தவர். கழுத்தில் சி5 (கழுத்தின் ஐந்தாவது எலும்பு) மட்டத்தில் முள்ளந்தண்டு வடம் காயப்பட்டது. தோளை அசைப்பார், முழங்கையை மடிப்பார். மணிக்கட்டும் விரல்களும் இல்லை, நெஞ்சுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ராகமை புனர்வாழ்வு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தோம். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும், சிறுநீர்க் குழாய் மடியாமல் பார்க்க வேண்டும், உடம்பில் சூடு ஏறவிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு திருகோணமலைக் கோட்டைக்குக் கிட்ட, கடற்கரையோரம். அம்மாவுக்கு வயது 66. நான் பகலில் கந்தோரில்.

தொடக்கமே புகை. கனடாவில் இருக்கும் சித்தப்பா மகன் ஆசையாக, ஃபோனாலோ குரலாலோ போட்டு நிப்பாட்டக்கூடிய நான்கு ஸ்மார்ட் பிளக் அனுப்பியிருந்தான். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பிளக்கின் முதுகில் எறும்பு அளவு எழுத்தில் அது போட்டிருந்தது; நான் வாசிக்கவில்லை. அடப்டரில் செருகி சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்றது, அறை முழுக்க எரிந்த பிளாஸ்ரிக் மணம். அண்ணா கட்டிலில் கிடந்தபடி, "தங்கச்சி, என்னைக் கொண்டுபோய் வெளியில போட்டுட்டு பரிசோதனையைச் செய்" என்றார். வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் ஐரோப்பாவிலோ லண்டனிலோ வாங்கியது இங்கே ஓடும். கனடா, அமெரிக்கா என்றால் முதுகைத் திருப்பி வாசியுங்கள்.

இரண்டாம் முறை கொழும்பு புறக்கோட்டையில் வாங்கினோம். பிளக் நன்றாக வேலை செய்தது, ஃபேன் சுற்றவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள். எங்களுடையது ரிமோட் உள்ள ஸ்டாண்ட் ஃபேன். அந்த வகைக்கு கரண்டை நிப்பாட்டித் திரும்பக் கொடுத்தால் அது பேசாமல் நிற்கும். யாராவது பொத்தானைத் தொட வேண்டும். பழைய மாதிரி, அழுத்தினால் அழுத்தினபடி நிற்கும் பொத்தான் உள்ள ஃபேன்தான் இதற்குச் சரி. மாமி வீட்டில் தூசு பிடித்துக் கிடந்த பழைய ஃபேனுக்கு எங்களுடைய புது ஃபேனைக் கொடுத்து மாற்றிக்கொண்டோம். மாமிக்கு இன்றைக்கும் அது விளங்காத புதிர்.

வைஃபையில் ஒரு சின்னக் கரைச்சல் வரும். இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இணையும். ஃபோன் 5இல் நின்றால் ஒன்றையொன்று காணாது. றவுட்டரில் 5ஐக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு இணையுங்கள். அவ்வளவுதான்.

பெரிய பாடு குரலில்தான். சொன்னதைக் கேட்டுப் பிளக்கை இயக்கும் அமேசன் ஸ்பீக்கரான அலெக்சாவுக்குத் தமிழ் தெரியாது. அண்ணா மேசன் வேலை செய்தவர், ஆங்கிலம் கொஞ்சம் சொல்லுவார். ஆனால் பிரச்சினை மொழி மட்டுமில்லை, மூச்சு. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் வேலை செய்யாது; உதரவிதானம் மட்டும் இழுத்து விடும் மூச்சு. "அலெக்சா, டேர்ன் ஓன் த ஃபேன்" என்று சொல்லி முடிக்க முன்னம் குரல் இறங்கிவிடும். அது பாதியைக் கேட்டுவிட்டு ஏதோ ஒரு பாட்டைப் போடும். ஒரு கிழமை இரவிரவாகப் பாட்டுக் கேட்டோம்.

முதலில் கூப்பிடும் பெயரை 'எக்கோ' என்று மாற்றினேன். மூச்சுக் குறைவாகச் செலவாகும் சொல். பிறகு அவர் வாயில் தானாக வரும் சொல்லையே கட்டளையாக்கப் பார்த்தேன். "காத்து." அதற்கு ஒன்றும் விளங்கவில்லை. ஃபோனில் உள்ள அலெக்சா செயலியில் நாம் பேசியதை அது எப்படிக் கேட்டது என்று எழுத்தில் காட்டும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் 'கார்ட் டூ' என்று ஆங்கிலத்தில் கிடந்தது. வண்டில் இரண்டு! சரி, அது அப்படித்தான் கேட்கிறதென்றால் அப்படியே இருக்கட்டும் என்று, 'கார்ட் டூ என்றால் ஃபேனைப் போடு' என்று ஒரு ரூட்டின் (இதைச் சொன்னால் இதைச் செய் என்ற கட்டளை) எழுதினேன். அண்ணா "எக்கோ, காத்து" என்றார். ஃபேன் சுற்றியது. "போதும்" என்பது அதற்கு 'பொட்டம்'. "திருப்பு" என்பது 'ட்ரிப் அப்'. அதைச் சொன்னால் அம்மாவின் அறையில் இருக்கும் மற்ற ஸ்பீக்கரில் மணிச்சத்தம் கேட்கும். தடிமன் பிடித்த நாட்களில் 'காத்து' வேறு மாதிரிக் கேட்கும் என்பதால் அதற்கும் இரண்டு மூன்று எழுத்து வடிவம் சேர்த்து வைத்திருக்கிறேன். எங்களுக்கு உதவிய ஒரே தந்திரம் இதுதான்: அது பிழையாக எப்படிக் கேட்கிறதோ, அந்தப் பிழையையே கட்டளையாக்குவது.

ஆனால் கூப்பிடுவதற்கு இதை மட்டும் நம்பக் கூடாது. ஒரு இரவு இணைய இணைப்பு விழுந்திருந்தது. குழாய் காலுக்குக் கீழே மடிந்து, சிறுநீர் போகாமல் நின்றுவிட்டது. டி6க்கு (நெஞ்சுப் பக்க முள்ளந்தண்டின் ஆறாவது எலும்பு) மேலே காயப்பட்டவர்களுக்கு இது விளையாட்டில்லை. சிறுநீர்ப்பை நிரம்பினால் இரத்த அழுத்தம் விறுவிறென்று ஏறும். தலை இடிக்கும், முகம் சிவந்து வேர்க்கும். அண்ணா எக்கோவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மூச்சு முட்டிப் போனார். நான் தண்ணீர் குடிக்க எழும்பியதால்தான் கண்டேன். தலைப்பக்கத்தை உயர்த்தி இருத்தி, குழாயை நேராக்கியதும் சில நிமிடத்தில் தலையிடி இறங்கியது. என் கை நடுக்கம் விடியும்வரை நிற்கவில்லை.

அடுத்த நாளே பற்றரியில் ஓடும் வயர் இல்லாத கோலிங் பெல் ஒன்று வாங்கினேன். இணையம் வேண்டாம், வைஃபை வேண்டாம். பொத்தானை ஒரு பலகைத் துண்டில் ஒட்டி, வலது முன்கைக்குப் பக்கத்தில் மெத்தையோடு கட்டினோம். தோளால் கையைத் தூக்கிப் போட்டால் அது அடிக்கும். இந்த அறையில் உள்ளதில் மலிவானது அதுதான். கோயில் திருவிழாக் காலத்தில் லவுட்ஸ்பீக்கர் சத்தத்துக்கு எக்கோ செவிடாகிவிடும்; அப்போதும் பெல் பிழைக்காது.

இனி என் பிழை. படுக்கைப்புண் வராமல் அண்ணாவுக்குப் போட்டிருக்கும் காற்று மெத்தையின் பம்பையும் ஒரு ஸ்மார்ட் பிளக்கில் கொழுவியிருந்தேன், எத்தனை வாட் இழுக்கிறது என்று பார்க்கலாம், பம்ப் நின்றால் ஃபோனுக்குத் தகவல் வரும் என்ற கெட்டித்தனத்தில். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். உபமின்நிலையத்துக்குள் குரங்கு புகுந்ததால் என்று அமைச்சரே சொன்னார். பின்னேரம் கரண்ட் வந்தது. லைற் எரிந்தது, ஃபேன் சுற்றியது, எல்லாம் சரி என்று இருந்தோம். இரவு பத்து மணிக்குத் திருப்பும்போது அம்மாவின் கை மெத்தையைத் தாண்டி நேரே கட்டில் பலகையில் இடித்தது. மெத்தையில் காற்றே இல்லை. கரண்ட் திரும்பி வந்தால் 'அணைந்தபடி இரு' என்ற நிலையில் அந்தப் பிளக் இருந்திருக்கிறது. பம்ப் இழுப்பது மிகக் குறைந்த வாட்; அந்தப் பிளக் அதை வாசிக்காமல் எப்போதும் 0 என்றே காட்டிக்கொண்டிருந்ததால் எச்சரிக்கையை நானே முன்பு அணைத்து வைத்திருந்தேன். பம்பின் சின்ன லைற் கட்டில் விரிப்புக்குள் மறைந்து கிடந்தது.

இடது குதிக்காலில் ஒரு ரூபாய்க் குற்றியளவு சிவப்பு. விரலால் அழுத்தினாலும் வெளிறவில்லை. நான்கு நாள் அந்தக் காலைத் தலையணையில் தூக்கி வைத்து, பாரமே படாமல் பார்த்த பிறகுதான் மறைந்தது. இப்போது பம்ப், கரண்ட் போனாலும் பற்றரியில் ஓடவைக்கும் இன்வெர்ட்டரில் நேரே கொழுவியிருக்கிறது, இடையில் எந்த மூளையும் இல்லை. றவுட்டரும் எக்கோவும் அதே பற்றரியில். மற்றப் பிளக் எல்லாவற்றிலும் 'கரண்ட் வந்தால் முன்பிருந்த நிலைக்குப் போ' என்று மாற்றிவிட்டேன். நீங்கள் இதைத் தொடங்கினால் முதலாவதாகத் தேடிப் பார்க்க வேண்டிய இடம் அது.

சூட்டு விஷயத்தில் மட்டும் இந்தச் சாமான்கள் நான் நினைத்ததைவிட நல்ல வேலை செய்தன. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் ஊர் அடுப்பு மாதிரி. மலைநாட்டைத் தாண்டி வரும்போதே ஈரத்தை விட்டுவிட்டு வரும் காற்று அது. நாங்கள் வேர்த்துக் கொட்டித் தப்புவோம். அண்ணாவுக்குக் காயத்துக்குக் கீழே வேர்க்காது, உடம்பு அறையின் சூட்டோடு சேர்ந்து ஏறும். தலைமாட்டில் ஒரு வெப்பமானி வைத்திருக்கிறேன். 32 பாகை தாண்டினால் இரண்டாவது ஃபேன் தானாகச் சுற்றும், என் ஃபோனும் சத்தம் போடும். கந்தோரிலிருந்து அம்மாவுக்கு எடுத்து, "ஈரத்துணி போடுங்கோ" என்பேன். உப்புக்காற்றுக்கு அந்த வெப்பமானியின் பற்றரி முனைகள் பச்சை பூத்துவிடுகின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்.

கெமரா பற்றி வீட்டில் சண்டையே வந்தது. கனடாக்காரருக்கு அண்ணாவைப் பார்த்துக்கொண்டிருக்க ஆசை, எனக்கும் கந்தோரில் இருந்து பார்த்தால் நிம்மதி. அண்ணா ஒரே பேச்சில் முடித்தார்: "நான் என்ன தொட்டிக்குள்ள விட்ட மீனா?" உடுப்பு மாற்றுவது, குழாய் மாற்றுவது எல்லாம் அந்தக் கட்டிலில்தான். அவர் சொன்னது நியாயம். கெமரா இப்போது கேற்றைப் பார்க்கிறது, படம் அவருடைய ஃபோனுக்குப் போகிறது. வருகிறவர் யார் என்று எங்களுக்கு முன்னம் அவருக்குத் தெரியும். இரவில் அடிக்கடி அசைவு எச்சரிக்கை வரும். பார்த்தால் மான். கோட்டைப் பக்கத்து மான்கள் தெருவில் உலாவுவது எங்களுக்குப் புதினமில்லை, கெமராவுக்குத்தான் புதினம். அண்ணா அந்தப் படங்களை அழிக்க விடுவதில்லை.

ஃபோன் வளையும் கம்பி ஒன்றில் முகத்துக்கு நேரே நிற்கிறது. அண்ட்ரொய்ட் 12இலிருந்து முகபாவனையால் இயக்கும் வசதி உண்டு: புருவத்தை உயர்த்தினால் அடுத்ததுக்குப் போகும், வாயைத் திறந்தால் தெரிவு. பழக மூன்று கிழமை எடுத்தது. கொட்டாவி விட்டு யாருக்கோ கோல் போன கதைகளும் உண்டு. ஆனால் விசைப்பலகையில் 'தமிழ் (இலங்கை)' என்று குரல் தட்டச்சைப் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து, பழைய மேசன்மாரோடு வோட்ஸ்அப்பில் ஒரே கதைதான். சீமெந்து விலை எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எலெக்ரீசியன் வருகிறார், கேற் கொண்டிக்கு மின்பூட்டுப் போட. கட்டளைச் சொல்லை அண்ணா ஏற்கெனவே தெரிவுசெய்து வைத்திருக்கிறார்: "வாங்கோ." அதை எக்கோ என்னவென்று கேட்கப் போகிறதோ, பார்க்க வேண்டும்.