கொப்பிக் கணக்கு

2025 யூலை 5, சனி

கனடாவில் இருக்கும் என் நண்பன் புதன்கிழமை வருகிறான். 1996 சித்திரையில் கொடிகாமத்தில் பிரிந்த பின் நாங்கள் நேரில் கண்டதில்லை. 29 ஆண்டுகள் ஆகிவிட்டன. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் ஊர் வெளிநாட்டு உறவுகளால் நிறைந்துவிடும் என்பதால், அந்த நெருக்கடிக்கு முன்பே வந்துபோக எண்ணியிருக்கிறான். மனைவி முன்னறையை ஒதுக்கி, மெத்தைக்குப் புது விரிப்பும் போட்டுவிட்டாள். நான் செய்த ஒரே ஆயத்தம், அலுமாரியிலிருந்த ஒரு கொப்பியை எடுத்து மறுபடியும் கூட்டிப் பார்த்ததுதான்.

2022இல் மனைவிக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது அவன் மூன்று தடவை அனுப்பிய பணம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. மருந்தும் பெற்றோலும் மண்ணெண்ணெயும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற ஆண்டு அது. நானாகக் கேட்கவில்லை, அவனும் என்னைக் கேட்டுவிட்டு அனுப்பவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவனோடு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் என் குரல் சற்றே பணிந்துபோவதை நானே கவனித்திருக்கிறேன்.

யூலை 9, புதன்

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏ-9 வீதியால் வந்து, விடியற்காலை ஐந்து மணிக்கு இறங்கினான். அவன் என்னைக் கட்டிக்கொண்டபோது, இரண்டு கைகளிலும் அவனுடைய பெட்டிகளைத் தூக்கியபடி மரம்போல நின்றேன். மாலையில் பெட்டிகளைத் திறந்து, சொக்லேற்றும் சட்டைகளும் முழங்கால் வலிக்குப் பூசும் களிம்பும் என்று மேசை நிறையப் பரப்பினான். இவற்றையும் கொப்பியில் ஏற்ற வேண்டுமோ என்று மனம் ஒரு கணம் கணக்குப் பார்த்தது; வெட்கமாக இருந்தது.

யூலை 11, வெள்ளி

நாவற்குழிப் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்றான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனம் முழுவதும் போருக்கு அஞ்சி, மழையில் நனைந்தபடி அந்த வழியால் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, என் தாயாரைச் சைக்கிளின் பின்னிருக்கையில் இருத்தி நாங்கள் இருவரும் மாறிமாறி உருட்டிக்கொண்டு போனோம். ஓரடி வைத்துவிட்டு, அடுத்த அடிக்கு இடம் கிடைக்கும்வரை நிற்க வேண்டியிருந்த இரவு அது. ஆறு மாதம் கழித்து எங்கள் குடும்பம் யாழ்ப்பாணம் திரும்ப, அவன் குடும்பத்தார் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போனார்கள். அங்கிருந்து கொழும்பு, பிறகு கனடா.

இன்று மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அவன் திரும்பவும் கடக்கச் சொன்னான், கடந்தோம். மூன்றாம் முறை கடந்த பிறகு, அம்மாவின் கால் சில்லுக் கம்பிக்குள் போய்விடாமல் தன் சாரத்தைக் கிழித்துக் கட்டியதைச் சொன்னான். அது எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

யூலை 13, ஞாயிறு

மனைவி ஒடியற்கூழ் காய்ச்சினாள். நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, பயிற்றங்காய், முருங்கையிலை என்று எதிலும் குறைவைக்கவில்லை. கறுத்தக்கொழும்பான் மாமரத்தடியில் இருந்து பனையோலைப் பிளாவில் குடித்தோம். பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கு ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு, தூய கணிதத்தோடு நாங்கள் மல்லுக்கட்டியதும் இதே வளவில்தான். அன்று யார் வீட்டு மண்ணெண்ணெய் எரிகிறது என்று எவரும் குறித்துவைக்கவில்லை.

அவன் இரண்டாம் பிளாவை முடித்ததும், கொப்பியையும் பணம் வைத்த கடித உறையையும் அவன் முன்னால் வைத்தேன். கோபிப்பான், அல்லது சிரித்துத் தட்டிக்கழிப்பான் என்று எதிர்பார்த்து, இரண்டுக்கும் பதில் ஆயத்தம் செய்திருந்தேன். அவனோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்துவிட்டுப் பேனை கேட்டான்.

"பெப்ரவரிக் காசையும் யூன் மாத விலையில போட்டிருக்கிறாய், மச்சான். பிழை."

அவன் சொன்னது சரி. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பின் 360 வரை ஏறியது; கனடா டொலரும் அதோடு சேர்ந்தே ஏறியது. முதல் பணம் அதற்கு முன்னரே வந்திருந்தது. மூன்று ஆண்டுகளாக, பட்டதைவிடப் பெரிய கடனைச் சுமந்திருக்கிறேன். உயர்தரத்தில் என்னைப் பார்த்துத்தான் அவன் கணக்கை எழுதினான் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

பிழையை வெட்டி, புதுத் தொகையை எழுதி, வங்கிக் காசாளரைப் போல என் முன்னாலேயே பணத்தை எண்ணிச் சட்டைப் பையில் வைத்தான். "முதல் தவணை" என்று எழுதிக் கையொப்பமும் இட்டான். அதன் பிறகு இரவு பதினொரு மணிவரை உரக்கப் பேசிக்கொண்டிருந்தோம். இடையில் இரண்டு முறை சண்டையும் பிடித்தோம்.

யூலை 16, புதன்

இரவு பஸ்ஸுக்கு அந்தப் பணத்திலேயே சீட்டு எடுத்தான். நான் தடுக்கவில்லை. மிச்சத்தை வாங்க அடுத்த வருடம் நல்லூர்த் தேருக்கு வருவானாம்.