வீட்டுச் சீஸ் பிஸ்கட்டும் எங்கள் ஊர் உப்புக் கணக்கும்

கீழக்கரையில் வளைகுடாவுக்குப் போன ஆள் இருக்கும் வீடுகளுக்குச் சீஸ் புதுப் பொருளன்று. விடுப்பில் வருகிறவர்களின் பெட்டிகளில் நறுமணப் புட்டிகளுக்கும் பால்மாவு டப்பாக்களுக்கும் நடுவே சீஸ் டப்பா ஒன்றிரண்டு வந்து சேர்வது பல ஆண்டுகளாக நடப்பதுதான். சீஸ் போட்ட உப்பு பிஸ்கட்டைப் பிள்ளைகள் சாயங்காலத் தேநீர் நேரத்தில் கேட்டு வாங்கித் தின்னும் பழக்கம் மட்டும் பிறகு வந்தது. எங்கள் வீட்டில் மாமிக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. உப்பைக் குறைக்க வேண்டும் என்பது மருத்துவரின் கண்டிப்பான சொல். ஆனால் தேநீர்த் தட்டில் பிள்ளைகளுக்கு என்ன வைக்கிறோமோ அதுதான் மாமிக்கும் வேண்டும். ஆகவே, இந்தப் பிஸ்கட்டை வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்தபோது நான் முதலில் பார்த்தது கொழுப்பையோ மைதாவையோ அல்ல, உப்பைத்தான்.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் புழங்கும் கடற்கரை வீட்டில் அந்த 5 கிராம் மத்தியானச் சாப்பாட்டோடு ஏறக்குறைய முடிந்துவிடும். சாயங்காலத் தின்பண்டத்துக்கு மிச்சம் இருப்பது சொற்பம். பாக்கெட்டின் பின்பக்கத்தில் சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால், அதில் 2 கிராம் உப்பு இருக்கிறது என்று பொருள். கொழுப்பு விஷயத்தில் நிலைமை கொஞ்சம் மேம்பட்டிருக்கிறது. உணவுப் பொருள்களில் உள்ள மொத்த எண்ணெய், கொழுப்பில் தொழிற்சாலை வழி வரும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022 ஜனவரி முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. உப்புக்கு அப்படியொரு உச்சவரம்பு கிடையாது. அதை நாம்தான் கவனிக்க வேண்டும்.

சீஸைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. கடைகளில் கட்டியாகவும் துண்டாகவும் டப்பாவிலும் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பதப்படுத்திய சீஸ். உருக்கும்போது கொழுப்பும் நீரும் பிரிந்துவிடாமல் இருக்க, சோடியம் சிட்ரேட், சோடியம் பாஸ்பேட் போன்ற உப்புகளை அதில் சேர்க்கிறார்கள். அதனால் 100 கிராமில் சோடியம் பல சமயம் 1,000 மில்லிகிராமைத் தாண்டிவிடும். அப்படி உருக்கிப் பதப்படுத்தாமல் முதிரவைக்கும் செடார் வகைச் சீஸ் என்றால் 600 மில்லிகிராமை ஒட்டி நிற்கும். மேலும், மாதக்கணக்கில் முதிர்ந்த செடாருக்குச் சுவை கூர்மையாக இருப்பதால் குறைந்த அளவே போதுமானது. விலை கூடுதல் என்று கை தயங்கினாலும் கணக்குக்கு அதுவே சரியாக வருகிறது. இராமநாதபுரத்தின் பெரிய கடைகளில் கிடைக்காதபோது, மதுரைக்குப் போய்வருகிற யாரிடமாவது சொல்லி வைப்பேன். வளைகுடாவிலிருந்து வரும் டப்பாச் சீஸ் மட்டுமே கையில் இருந்தால், அளவைப் பாதியாகக் குறைத்து, குறைந்த இடத்தை வறுத்த எள்ளாலும் மிளகாயாலும் ஈடுகட்டலாம்.

நான் எடுக்கும் அளவு இது: துருவிய செடார் 120 கிராம், கோதுமை மாவு 90 கிராம், கேழ்வரகு மாவு 30 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 25 கிராம், வறுத்த எள் ஒரு தேக்கரண்டி, குளிர்ந்த நீர் இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி. கேழ்வரகைக் கால்பங்குக்கு மேல் கூட்டினால், அதில் மாவைப் பிடித்து நிறுத்தும் பசைப் புரதம் இல்லாததால், தேய்க்கும்போதே ஓரம் வெடித்துவிடும். சுண்ணாம்புச் சத்துக்காகக் கேழ்வரகு சேர்ப்பதாகப் பலரும் சொல்வார்கள். உண்மையில் இந்த அளவில் அதிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 100 மில்லிகிராம்தான், சீஸிலிருந்து வருவதோ அதைப் போலப் பல மடங்கு. எனக்குக் கேழ்வரகு வேண்டியிருப்பது அதன் வறுத்த மணத்துக்காகவும் நார்ச்சத்துக்காகவும்தான். வெண்ணெயையும் முழுவதுமாக நீக்கிவிட முடியாது. கொழுப்புதான் மாவுத் துகளைச் சுற்றிப் படிந்து, தண்ணீர் பட்டதும் அது இறுகிவிடாமல் காக்கிறது. அந்த வேலையில் பெரும்பகுதியைச் சீஸின் கொழுப்பே செய்துவிடுவதால் வெண்ணெயைக் குறைக்க முடிகிறதே தவிர, ஒன்றுமே இல்லையென்றால் மாமியின் பல்லுக்கு ஆகாது. வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் அதில் நீர் நிற்கும். நன்றாகப் பிழிந்துவிட்டு நிறுக்க வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் வெண்ணெய் கிண்ணத்திலேயே இளகத் தொடங்கிவிடும் என்பதால், மாவையும் துருவிய சீஸையும் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துக்கொள்கிறேன். வெண்ணெயை விரல்நுனியால் மாவில் உதிர்த்து, ஈரமணல் போல வந்ததும் சீஸைக் கலந்து, நீரைத் தெளித்துத் திரட்ட வேண்டும்; சப்பாத்தி மாவைப் பிசைவது போல அழுத்திப் பிசையக் கூடாது. திரட்டியதை மறுபடி அரைமணி நேரம் குளிரவிட்டு, இரண்டு வெண்ணெய்த் தாள்களுக்கு நடுவே வைத்து, இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். ஓரம் மெலிந்து நடு தடித்திருந்தால் ஓரம் கருகும்போது நடு வேகாமல் கிடக்கும். ஆகவே இந்த இடத்தில் பொறுமை தேவை. மூன்று சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் நூறு துண்டுகளுக்குக் குறையாது. ஒவ்வொன்றின் நடுவிலும் முள்கரண்டியால் குத்திவிட்டால் ஆவி வெளியேறிப் பூரிபோல உப்பாமல் தட்டையாக நிற்கும்.

மாவில் உப்பு ஒரு துளியும் போடுவதில்லை. முதுகுளத்தூர், கமுதி பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் நம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. உருண்டையான, தோல் தடித்த, காரம் மிதமான இந்த மிளகாயை வெறும் சட்டியில் வறுத்துக் கொரகொரப்பாக இடித்து, விதையை ஓரளவு சலித்து நீக்கிவிட்டு, துண்டுகள் மேல் தூவுகிறேன். அதனோடு ஒரு சிட்டிகைப் பொடியுப்பையும் சேர்த்துக்கொள்கிறேன். மேலே தூவிய உப்பு நாக்கில் நேராகப் படுவதால், மாவுக்குள் கலந்த உப்பைவிடக் குறைந்த அளவிலேயே சுவை தெரிகிறது. இப்படிச் செய்தால் முழு மாவுக்கும் சேர்த்துச் சோடியம் 900 மில்லிகிராமுக்குள் அடங்குகிறது. பத்துத் துண்டு தின்றாலும் 100 மில்லிகிராமைத் தாண்டாது. "உப்பு பத்தலையேம்மா" என்று மாமி சொல்லத்தான் செய்தார்கள். சொல்லிக்கொண்டே அடுத்ததை எடுத்தபோது, அவர்கள் விரலில் ஒட்டிய மிளகாய்த் துணுக்கைப் பார்த்துவிட்டு நான் ஒன்றும் பேசவில்லை.

சுடுவதை இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும் என்பதைக் கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன். ஓவனில் 170 டிகிரி செல்சியஸில் பதினைந்து நிமிடம் வைத்து, ஓரம் பொன்னிறமானதும் சூட்டை 110 டிகிரிக்கு இறக்கி, இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் உலரவிட வேண்டும். முதல் சூட்டிலேயே மொறுமொறுப்பாக்கிவிடலாம் என்று பார்த்தால், உள்ளே ஈரம் போவதற்குள் சீஸ் கருகிக் கசந்துவிடும். உள்ளே நிற்கும் அந்தச் சிறு ஈரத்தோடு வெளிக்காற்றின் ஈரமும் சேர்ந்துகொண்டால், ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் வீசும் நாள்களில் காலையில் சுட்டது பிற்பகல் அஸர் தொழுகைக்குள் நமுத்துவிடும். முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். வெதுவெதுப்பாக மூடினால் மூடியின் உட்பக்கம் வியர்த்துவிடும். பெரிய டப்பா ஒன்றைவிட, அன்றன்று திறந்து முடிக்கும்படி சிறிய டப்பாக்கள் நாலைந்து நல்லது. நமுத்ததை வீச வேண்டியதில்லை. 120 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி ஆறவிட்டால் திரும்ப மொறுமொறுப்பாகும்.

ஓவன் இல்லாதவர்கள் கனமான இரும்புச் சட்டியில் அரைக்கிலோ கல்லுப்பைப் பரப்பி, அதன் மேல் முக்காலி வைத்து மூடிப் பத்து நிமிடம் சூடாக்கிக்கொண்டு, தட்டை உள்ளே வைத்து இளந்தீயில் சுடலாம். பாதியில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். நிறம் ஓவனில் வருவது போலச் சீராக வராது, சுவைக்குக் குறையில்லை. எங்கள் பக்கத்து வாலிநோக்கம் உப்பளத்து உப்பு சட்டிக்குள் எவ்வளவு இருந்தாலும் மாமியின் மருத்துவருக்கு ஆட்சேபம் இருக்காது.

கொழுப்பும் கலோரியும் இதிலும் உண்டு; ஆகவே டப்பாவை அப்படியே கூடத்தில் வைக்காமல், ஆளுக்கு எட்டுத் துண்டு என்று தட்டில் எடுத்து, பக்கத்தில் வெள்ளரிக்காயோ கொய்யாவோ நறுக்கி வைக்கிறேன். நோன்பு மாதத்துக்கு முன்பே மாவை உருளையாக உருட்டித் தாளில் சுற்றி உறைபெட்டியில் வைத்துவிட்டால் ஒரு மாதம் தாங்கும். வேண்டும்போது எடுத்துச் சற்று இளகவிட்டு, கத்தியால் மெல்லிய வில்லைகளாக அரிந்து அப்படியே சுடலாம், தேய்க்கும் வேலையும் மிச்சம்.