தூண்டில் ஈயக்குண்டுக்குப் பதில் இரும்பு: கொழும்பு வெள்ளவத்தைக் கரையில் செய்து பார்த்தது

கனடாவில் தாரா வேட்டைக்குப் போகும் மச்சானிடம் இருப்பது 20 கேஜ் சின்னத் துவக்கு. நீர்ப்பறவை சுட ஈயச் சன்னம் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) அங்கே 1999 முதல் நாடு முழுக்கத் தடை. மலிவாகக் கிடைப்பது இரும்புச் சன்னம்தான். இரும்பு லேசு என்பதால் ஈயத்தில் 4ஆம் நம்பர் போட்ட இடத்தில் 2ஆம் நம்பர் போடுகிறார்; நம்பர் குறைந்தால் சன்னம் பெரிது. சன்னம் பருத்தால் அந்தச் சின்னத் தோட்டாவுக்குள் எத்தனைதான் கொள்ளும் என்று அவருக்குக் கவலை.

எனக்குத் துவக்குமில்லை, வேட்டையுமில்லை, தூண்டில் மட்டும்தான். ஆனால் இந்தக் கணக்கு தூண்டில் குண்டுக்கும் பொருந்துமே. தாராக்கள் இரை அரைபடச் சிறு கல் விழுங்கும்போது ஈயமும் சேர்ந்து உள்ளே போய் நஞ்சாகிவிடும். இங்கிலாந்தில் அன்னங்கள் இப்படிச் செத்ததால்தான் 1987இல் தூண்டிலுக்கான சின்ன ஈயக்குண்டு விற்பதை நிறுத்தினார்கள். பிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டில் ஈயம் உருக்கவும் எனக்கு மனமில்லை.

முதலில் பழைய சோனகத் தெருவில் நட் வாங்கினேன். 12 மில்லிமீற்றர் நட் ஒன்று சுமார் 17 கிராம். மூன்றைக் கோர்த்தால் 50 கிராம் வந்துவிடும். பாறை இடுக்கில் அறுந்து போனாலும் வயிறு எரியாது. மணலில்தான் சரிவரவில்லை, அலை இழுத்த இழுப்புக்கு உருண்டு கரைக்கே வந்துவிடும்.

அப்புறம் கராஜில் கழித்துப் போட்ட ஸ்பார்க் பிளக். காசில்லை, நீளவாக்கில் இருப்பதால் எறியவும் நல்லது. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாரம். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவியே அலுத்துவிட்டது.

இந்த இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஈயத்தின் அடர்த்தி 11.34, இரும்பு 7.85. பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் 50 கிராம் ஈயம் கடல்நீருக்குள் காட்டும் பாரத்தை இரும்பில் எடுக்க 52 கிராமே போதும்! பாரம் பிரச்சினையே இல்லை. பருமன்தான் ஒன்றரை மடங்குக்குக் கிட்ட வருகிறது. காற்றும் நீரோட்டமும் பிடிப்பது அதைத்தான். ஆக, மாற்ற வேண்டியது வடிவம்.

கொங்கிறீற்றுக்குப் போடும் வரிக்கம்பி அதற்குத் தோதாக இருந்தது. 10 மில்லிமீற்றர் கம்பியில் 10 சென்ரிமீற்றர் வெட்டினால் 62 கிராம் அளவில் நிற்கும். ஒல்லியாக இருப்பதால் காற்றைக் கிழித்துப் போகும், மேலே உள்ள வரிகள் மணலைப் பிடிக்கும். வெல்டிங் கடைத் தம்பியிடம் முனையில் வளையம் வைத்துத் தரச் சொன்னேன். "அண்ணை, வெட்டின மிச்சத்துக்கு என்ன காசு, வளையத்துக்கு மட்டும் தாங்கோ" என்றார்.

மாசி மாதத்து அமைதியான கடலில் இந்தக் கம்பி போட்ட இடத்திலேயே கிடந்தது. சின்னப் பாரை சில அகப்பட்டன, அதைக் குண்டின் கணக்கில் எழுதமாட்டேன். தென்மேல் பருவக்காற்றுக்கு இது தாங்காது. வைகாசி பிறந்தால் 12 மில்லிமீற்றர் கம்பிக்கு மாற வேண்டும்.

துரு பிடிக்கத்தான் செய்யும். வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன். பாறைப் பக்கத்துக்கு இன்னும் நட்தான், அதுவும் மெல்லிய தங்கூசியில் கட்டி. சிக்கினால் அந்த நூல் மட்டும் அறும், மீனும் தூண்டிலும் கைக்கு வரும்.