ரீப்ளேஸ் போட்டேன், பில் எல்லாம் போச்சு

ஒரு கடையின் மூன்று கிளைகளிலிருந்து வந்த வாடிக்கையாளர் பட்டியல்களை மைஎஸ்கியூஎல் என்ற தரவுதள மென்பொருளில் ஒரே டேபிளில் ஏற்றும் வேலை. அரை நாளில் முடியும் என்று வாய் விட்டுவிட்டேன். நான்கு நாள் ஆனது.

முதல் கோப்பு ஏறிவிட்டது. இரண்டாவது, 1062 பிழை காட்டி நின்றது. மொபைல் எண்ணுக்கு யுனிக் போட்டிருந்தேன், அதாவது ஒரே எண் இரண்டு முறை ஏறக் கூடாது. ஒரே ஆள் இரண்டு கிளையிலும் வாங்கியிருக்கிறார். சரி என்று, இடிக்கிற வரியை விட்டுவிட்டு மேலே போகும் இன்சர்ட் இக்னோர் கட்டளையைப் போட்டேன். சத்தமில்லாமல் ஓடி முடிந்தது. மறுநாள் பார்த்தால், ஏற்கெனவே இருந்த ஆட்களுக்குப் புது முகவரி ஒன்றுகூட ஏறவில்லை. போதாக்குறைக்கு நீளமான பெயர்களையும் நறுக்கி வைத்திருக்கிறது. உடனே, எச்சரிக்கைகளைக் காட்டும் ஷோ வார்னிங்ஸ் அடித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

அடுத்து செய்ததுதான் பெரிய முட்டாள்தனம்: ரீப்ளேஸ் இன்டு. பெயரைப் பார்த்து, பழைய வரியைத் திருத்தும் என்று நினைத்தேன். அது பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடுகிறது. கோப்பில் இல்லாத, வாடிக்கையாளர் சேர்த்து வைத்த பாயின்ட் எல்லாம் பூஜ்யம். பில் டேபிளில், ஆளை அழித்தால் அவர் பில்லையும் அழிக்கும் ஆன் டிலீட் கேஸ்கேட் வேறு வைத்திருந்தேனா, அந்த ஆட்களின் பழைய பில்கள் அத்தனையும் கூடவே போயின. முந்தின இரவு எடுத்த பேக்கப் இருந்ததால் தப்பித்தேன்.

கடைசியில் கைகொடுத்தது, பழைய வரியை அழிக்காமல் திருத்துகிற ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட். ஒரு வரி திருத்தப்பட்டால் எண்ணிக்கையில் 2 என்று காட்டும். இரட்டிப்பாக ஏறிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், நான் பயந்தேன்.

அதிலும் ஒரு கூத்து. எண் இல்லாதவர்களுக்கு வெற்று உரை போயிருக்கிறது. அத்தனை பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். அங்கே நல் (NULL), அதாவது மதிப்பே இல்லை என்று வைத்தால் யுனிக் தடுக்காது. முன்னால் 0, +91, நடுவில் இடைவெளி என்று விதவிதமாக எழுதிய எண்களோ வேறு வேறு ஆட்களாக உள்ளே வந்துவிட்டன. அதனால் முதலில் யுனிக் இல்லாத தற்காலிக டேபிளில் கொட்டி, கடைசி 10 இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் அசல் டேபிளுக்கு ஏற்றினேன். இந்த முறை டிரான்சாக்‌ஷனுக்குள். தப்பானால் மொத்தமாகத் திரும்பப் பெறலாம். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கமிட், அதாவது உறுதிசெய்தேன்.

எல்லாம் முடிந்து ஒப்படைத்த அன்று கடையின் கணக்கர் கூப்பிட்டார். “வாடிக்கையாளர் நம்பர் நடுநடுவே விட்டுப்போயிருக்கே, ஆட்களை அழிச்சிட்டீங்களா?” டூப்ளிகேட் வரும்போதும், தானாக வரிசை எண் போடும் ஆட்டோ இன்கிரிமென்ட் ஓர் எண்ணைத் தின்றுவிடும் என்று விளக்க அரை மணி நேரம் ஆனது.